ஒரு கார்ட்ரிட்ஜின் விலையும் ஒரு துண்டு வடிதுணியும்: வறுமையின் நோய்களுக்கு எதிரான இயக்கங்கள் எதை மாற்றுகின்றன

2019 பிப்ரவரியில், காசநோயிலிருந்து உயிர்பிழைத்த இரண்டு இளம்பெண்கள் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஓர் எதிர்ப்பு மனுவைத் தாக்கல் செய்தார்கள். ஒருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன்; மற்றவர் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனை ஒட்டிய கயலிட்ஷா பகுதியைச் சேர்ந்த பூமேசா டிசிலே. இருவருக்கும் நோய் குணமாகிவிட்டது. ஆனால் அதற்காகப் போடப்பட்ட ஊசிமருந்தின் பக்கவிளைவால் இருவருமே செவித்திறனை இழந்திருந்தார்கள். அந்த ஊசியே தேவைப்படாத சிகிச்சைக்கு வழிதிறந்த மாத்திரையின் பெயர் பெடாகுவிலின். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு காசநோய்க்கென்று வந்த முதல் புதுவகை மருந்தான அது 2012 டிசம்பரிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. அதன் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடியவிருந்த நிலையில், அதே மருந்தின் ஓர் உப்பு வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை கேட்டு, தன் ஏகபோகத்தை 2027 வரை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. அந்த விண்ணப்பத்தைத்தான் இருவரும் எதிர்த்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் 23 அன்று, உலகக் காசநோய் நாளுக்கு முந்தைய நாள், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில், பல நாடுகளிலிருந்தும் எழுந்த அழுத்தத்தின் விளைவாக, 134 ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் தன் காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. சர்வதேசக் கொள்முதல் அமைப்பின் வழியாக வாங்கும்போது ஆறு மாத மருந்தின் விலை 130 டாலர் அளவுக்கு, அதாவது முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே, இறங்கியது.

உலக சுகாதாரத்துக்கான பிரச்சாரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இசை நிகழ்ச்சி, கையில் கட்டும் பட்டை, கண்கள் குழிவிழுந்த ஒரு குழந்தையின் புகைப்படம் ஆகியவையே. அவை நிதி திரட்டுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடந்த 30 ஆண்டுகளில் நோயின் சுமை உண்மையிலேயே குறைந்த இடங்களைத் தேடிப் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ சிலர் ஒரு விலையையோ ஒரு சட்டப்பிரிவையோ வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியையோ பிடித்துக்கொண்டு, அது மாறும்வரை விடாமல் உட்கார்ந்திருந்ததைக் காணலாம். அந்தச் சிலரில் நோயாளிகளே முன்னால் நின்றபோது வெற்றி விரைவாக வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

வறுமையின் நோய்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் காசநோய், மலேரியா, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் பெரியவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023-ல் காசநோயால் 12.5 லட்சம் பேரும், மலேரியாவால் 5.97 லட்சம் பேரும், எச்.ஐ.வி. தொடர்பான நோய்களால் 6.3 லட்சம் பேரும் இறந்தார்கள். மலேரியா மரணங்களில் 95 விழுக்காடு ஆப்பிரிக்கப் பகுதியில் நிகழ்ந்தவை. அங்கு இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இவற்றுக்கு அடுத்து யானைக்கால் நோய், தொழுநோய், உறக்க நோய், ஆற்றுக் குருட்டுநோய் என 20-க்கும் மேற்பட்ட நோய்கள் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்ற தலைப்பில் வருகின்றன. இவை 100 கோடிக்கும் அதிகமானோரைப் பாதிக்கின்றன. கொல்வதைவிட முடக்கிப்போடுவதே அதிகம் என்பதால் செய்தியாவதில்லை.

வறுமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காசநோயில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற முதல் மருந்து 1940-களில்தான் வந்தது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசநோய் மரணங்கள் அந்த மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே குறைந்துகொண்டு வந்தன. உணவா, வீட்டு வசதியா, நோயாளிகளைத் தனிமைப்படுத்தியதா, எது அதிகம் உதவியது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். உணவின் பங்கைப் பற்றி அண்மையில் வலுவான சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதலாக உணவுப் பொருட்களைக் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வு 2023-ல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது; சளிப் பரிசோதனை போன்றவற்றில் கிருமி உறுதியான, பிறருக்குத் தொற்றக்கூடிய வகை 48 விழுக்காடு குறைந்தது. எந்த மாத்திரையும் புதிதாகச் சேர்க்கப்படாமல் கிடைத்த விளைவு இது. மறுபுறம், நோய் வந்த வீட்டின் நிலை என்ன? மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், பயணச் செலவு, இழந்த கூலி, கூடுதல் உணவு எல்லாம் சேர்ந்து, உலக அளவில் காசநோய் வந்த குடும்பங்களில் ஏறத்தாழ பாதி தங்கள் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்கின்றன. வறுமை நோயைக் கொண்டுவருகிறது, நோய் வறுமையை ஆழப்படுத்துகிறது; இந்தச் சுழலில் மருந்தை மட்டும் கேட்கும் இயக்கம் பாதிக் கோரிக்கையோடு நின்றுவிடுகிறது.

இருப்பினும் முதலில் மருந்தாவது இருக்க வேண்டுமே. 1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு வந்த 1,393 புதிய மருந்துகளில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் உரியவை வெறும் 16. வாங்கும் சக்தி இல்லாதவருக்கு வரும் நோய் ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணில் படுவதில்லை என்பதற்கு உறக்க நோயின் கதையை மிஞ்சிய சான்று இல்லை. செட்சி ஈ கடிப்பதால் பரவும் இந்நோய் மூளையை எட்டிய பிறகு சிகிச்சை இல்லையென்றால் மரணம் உறுதி. நெடுங்காலம் அதற்குக் கொடுக்கப்பட்ட மெலார்சோப்ரால் ஆர்சனிக் கலந்த ஊசி. நரம்பில் நெருப்பைச் செலுத்துவது போல் எரியும் அந்த ஊசியே, அதைப் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவரைக் கொன்றது. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட எஃப்லோர்னிதின் என்ற மருந்து உறக்க நோய்க்கு நன்றாக வேலை செய்கிறது என்று பின்னர் தெரிந்தது. நினைவிழந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததால் அதற்கு உயிர்த்தெழச் செய்யும் மருந்து என்ற பெயரே ஏற்பட்டது. ஆனால் 1990-களின் நடுவில், லாபமில்லை என்று இந்த நோய்க்கான உற்பத்தி கைவிடப்பட்டது. 2000-ல் அதே வேதிப்பொருள் பணக்கார நாடுகளின் கடைகளுக்குத் திரும்பி வந்தது. பெண்களின் முகத்தில் முளைக்கும் தேவையற்ற முடியைக் குறைக்கும் பூச்சாக. மீசைக்குச் சந்தை இருந்தது, உறக்க நோய்க்கு இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இந்த முரண்பாட்டைப் பொதுவெளியில் வைத்து நெருக்கியதும், 2001-ல் அவென்டிஸ் நிறுவனம் உறக்க நோய்க்கான மருந்தை மீண்டும் தயாரித்து இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது. 2003-ல் தொடங்கப்பட்ட, லாப நோக்கற்ற புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முன்முயற்சி அமைப்பு, ஆய்வாளர்கள் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய சேர்மத்தைத் தூசி தட்டி எடுத்து ஃபெக்ஸினிடசோல் என்ற மாத்திரையாக்கியது. 2018-ல் அது ஏற்பு பெற்றது. 1998-ல் 40,000-க்கு அருகில் பதிவான உறக்க நோய் இப்போது ஆண்டுக்கு 1,000-க்கும் கீழ்.

எச்.ஐ.வி.யில் மருந்து இருந்தது; அதன் விலைதான் தடையாக நின்றது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை பணக்கார நாடுகளில் மரணத்தைத் தடுக்கத் தொடங்கியபோது, அதற்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆனது. ஆப்பிரிக்காவுக்கு இது சாத்தியமே இல்லை என்று அப்போது பல வல்லுநர்கள் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998 டிசம்பர் 10 அன்று, ஸாக்கி அக்மத்தும் அவருடைய தோழர்களும் கேப் டவுனில் சிகிச்சைச் செயல் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில், மலிவு மருந்துகளை இறக்குமதி செய்ய வழிவகுத்த தென் ஆப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. பின்னாளில் வழக்கில் நின்றவை 39 நிறுவனங்கள்.

இந்த இயக்கத்தின் ஊர்வலங்களும் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளும் உலகம் முழுவதும் தெரிந்தவை. அவற்றைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது, அதிகம் பேசப்படாத வேறொன்று. நகரப் புறங்களின் மருத்துவ நிலையங்களில், காத்திருக்கும் நோயாளிகளிடையே அமர்ந்து, கிருமி உடலுக்குள் என்ன செய்கிறது, நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை என்றால் என்ன, மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் ஏன் மருந்து பலிக்காமல் போகிறது, காப்புரிமை என்பது விலையை எப்படித் தீர்மானிக்கிறது என்றெல்லாம் அவரவர் மொழியில் விளக்கும் பயிற்சியாளர்களை இயக்கம் உருவாக்கியது. இவர்களில் பலர் தாங்களே தொற்றுடன் வாழ்பவர்கள். இதற்குச் சிகிச்சைக் கல்வி என்று பெயர். படிப்பறிவில்லாத ஏழைகளால் நேரம் பார்த்து மாத்திரை சாப்பிட முடியாது என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. அமைச்சரையும் நிறுவன வழக்கறிஞரையும் புள்ளிவிவரத்தோடு எதிர்கொள்ளக்கூடிய நோயாளிகள் இப்படித்தான் உருவானார்கள். பொது மருத்துவமனைகளில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை தானும் உயிர்காக்கும் மருந்தை உட்கொள்ள மாட்டேன் என்று அக்மத் மறுத்து நின்றார். 2003-ல்தான் அந்த உறுதியைத் தளர்த்திக்கொண்டார்.

2001-ல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீது, மூன்று மருந்துச் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டுமே தந்ததால்தான் அந்த ஜெனரிக் தயாரிப்பு, அதாவது மூல நிறுவனம் அல்லாத பிறர் அதே மருந்தை மலிவாகத் தயாரிப்பது, சாத்தியமாயிற்று. மார்ச்சில் பிரிட்டோரியாவில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, சிகிச்சைச் செயல் இயக்கம் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக அனுமதிக்கப்பட்டு, நோயாளிகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. உலகின் பல நகரங்களில் ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருக்க, ஏப்ரலில் 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றன. நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாடு, காப்புரிமை ஒப்பந்தம் எந்த நாட்டையும் தன் மக்களின் உடல்நலத்தைக் காப்பதிலிருந்து தடுக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தது. நிறுவனங்களோடு மட்டும் போராட்டம் முடிந்துவிடவில்லை. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்வதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைப் பொது மருத்துவமனைகளில் கொடுக்க மறுத்த தன் நாட்டு அரசையே இயக்கம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2002 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றம் இயக்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

விலை இறங்கியபோதுதான் பெரும் நிதி பற்றிப் பேசவே முடிந்தது. ஆண்டுக்கு 10,000 டாலர் என்றிருந்தால் எந்த நிதியமைச்சரும் கோப்பைத் திறந்திருக்க மாட்டார். 2002 ஜனவரியில் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. 2003-ல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஐந்து ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலரில் பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். 2023 முடிவில் 3 கோடிக்கும் அதிகமானோர் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருந்தார்கள், இன்றைய மூன்று மருந்து மாத்திரையின் விலை ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழ்.

இந்த நிதியைத் தொடரச் செய்யும் வேலை பார்வைக்குச் சுவையற்றது. உலக நிதியம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடுகளிடம் கையேந்தி நிற்கும் அமைப்பு; அந்தச் சுற்று வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே தன்னார்வலர் குழுக்கள் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்து, கடிதம் எழுதி, உள்ளூர் நாளிதழின் ஆசிரியருக்கும் எழுதி, ஒரே ஒரு தொகையைக் குறிப்பிட்டு அதை ஏற்கும்படி கேட்கத் தொடங்குகின்றன. வறுமையை ஒழியுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்த நிதிக்கு இந்த ஆண்டு இவ்வளவு என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-லேயே தீர்மானித்தும், அதை எட்டியவை விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே. தங்கள் வரவுசெலவில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று 2001-ல் அபுஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கொடுத்த வாக்கையும் பெரும்பாலான நாடுகள் காப்பாற்றவில்லை என்பதை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

விலையைக் குறிவைக்கும் உத்தி மருந்தோடு நிற்பதில்லை. காசநோயை இரண்டு மணி நேரத்தில் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில், ஒவ்வொரு நோயாளியின் சளி மாதிரிக்கும் ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் செலவாகிறது. பயன்படுத்தியதும் தூக்கி எறிய வேண்டியதுதான். பத்தாண்டுகளாக ஏழை நாடுகளுக்கு அதன் விலை 9.98 டாலர். அதைத் தயாரிக்க 5 டாலருக்கும் குறைவாகவே ஆகும் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கணக்கிட்டு, 5 டாலருக்கு விற்கக் கோரி இயக்கம் நடத்தியது. 2023 செப்டம்பரில், கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் உரிமையாளரான டானஹர் விலையை 7.97 டாலராக்கியது. இரண்டு டாலர் குறைவது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கார்ட்ரிட்ஜ் வாங்கும் ஒரு நாட்டின் காசநோய்த் திட்டத்துக்கு அது அதே பணத்தில் நான்கில் ஒரு பங்கு கூடுதல் சோதனை.

காப்புரிமையோ விலையோ குறுக்கே வராத நோய்களும் உண்டு. தமிழில் நரம்புச்சிலந்தி என்று பழைய பெயர் கொண்ட கினிப்புழு நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குட்டையின் நீரைக் குடிக்கும்போது, அதிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சியோடு புழுவின் இளவுயிரியும் உள்ளே போகிறது. ஓராண்டு கழித்து ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்த பெண்புழு, பெரும்பாலும் காலில், கொப்புளத்தை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதை ஒரு குச்சியில் நாளுக்குச் சில சென்டிமீட்டராகச் சுற்றிச் சுற்றியே எடுக்க வேண்டும். அறுந்தால் புண் சீழ்பிடிக்கும். எரிச்சல் தாங்காமல் காலை நீரில் வைத்தால், அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அதே குட்டையில் விட்டுவிடுகிறது. இந்தச் சங்கிலியை அறுக்க, குடிநீரை நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினால் போதும். 1986-ல் சுமார் 35 லட்சம் பேரைப் பீடித்திருந்த இந்நோய், முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அமைப்பு முன்னின்று நடத்திய பணியால், 2024-ல் 15 மனிதர்களிடம் மட்டுமே காணப்பட்டது. துணியை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க 1995-ல் சூடானின் உள்நாட்டுப் போரையே ஏறத்தாழ ஆறு மாதம் நிறுத்திவைக்க அவர் இரு தரப்பையும் இணங்கச் செய்தார். தான் இறப்பதற்கு முன் கடைசிப் புழு சாக வேண்டும் என்று விரும்பிய கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று காலமானார். சாட் நாட்டில் நாய்களுக்கும் புழு பரவுவதால் கடைசிக் கட்டம் நீள்கிறது.

கடைசிக் கட்டத்தில் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியிருக்கிறது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியின் தெளிப்பினால் 1963-ல் அங்கே மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர் என்ற அளவுக்கு வந்தது. நோய் ஒழிந்தது என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1969-ல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. மலேரியா இல்லாத நாடு என்ற சான்று இலங்கைக்குக் கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கதையை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது; ஜூலை 1 அன்று அதன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் மூடப்பட்டது. பிரிட்டன் தன் உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தது. 2025 நவம்பரில் 1,800 கோடி டாலரை இலக்காக வைத்த உலக நிதியத்துக்குக் கிடைத்த வாக்குறுதி சுமார் 1,134 கோடி. இருபது ஆண்டுகளில் கட்டப்பட்டது ஒரு கையெழுத்தில் ஆட்டம் கண்டதற்கு, இயக்கங்கள் கொடையாளி நாடுகளின் தலைநகரங்களை நம்பிய அளவுக்கு நோயுள்ள நாடுகளின் நிதியமைச்சகங்களை நெருக்காததும் ஒரு காரணம். மூன்று நோய்களுக்குத் தனித்தனிக் குழாயில் பணம் வந்துகொண்டிருந்தபோது, ஊர் மருத்துவ நிலையத்தின் சாதாரணச் செவிலியர் சம்பளம் யாருடைய பட்டியலிலும் இடம்பெறவில்லை.

இதற்கிடையே 2001-ன் பழைய காட்சி மீண்டும் அரங்கேறியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டே ஊசியில் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர், 2024-ல் தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வராமல் காத்தது. அமெரிக்காவில் 2025 ஜூனில் அனுமதி பெற்றபோது அதற்குக் குறிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அதை உருவாக்கிய கிலியட் நிறுவனம் 120 நாடுகளுக்கு ஜெனரிக் தயாரிப்பை அனுமதித்திருக்கிறது. 2027 முதல் அந்த நாடுகளில் ஆண்டுக்கு 40 டாலருக்கு அது கிடைக்கும் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. நிறுவனம் அழுத்தம் முற்றுவதற்கு முன்பே இறங்கிவந்ததில் 2001-ன் பாடம் தெரிகிறது. ஆனால் அந்த 120 நாடுகளின் பட்டியலில் பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகியவை இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று நிறுவிய இரண்டாவது ஆய்வில் தங்கள் உடலில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் இந்த நான்கு நாடுகளின் மக்களும் உண்டு.